பழைய காரும் பதினாறு வயதும்

ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் என்ன? இருந்தது இருந்தபடியே வைத்திருப்பதா? அல்லது இன்னும் நெடுங்காலம் பயன்படும்படி மாற்றி அமைப்பதா? மாற்றுவதாயின், அந்த உரிமை முன்னே வந்தவருக்கா, பின்னே வருகிறவருக்கா? இக்கேள்வி வீட்டுக்கும் உண்டு, வழக்கத்துக்கும் உண்டு. ஏன், சங்கங்களுக்கும் உண்டு. ஆனால் அவற்றைப் பற்றிப் பேசப் புகுந்தால் பேச்சு சீக்கிரமே சூடேறிவிடுகிறது. ஆகவே யார் மனமும் புண்படாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு மோட்டார் கார். யார் மனமும் புண்படாது என்று நான்தான் சொல்கிறேன். தந்தையும் பிள்ளையும் சேர்ந்து பழைய கார் ஒன்றைப் பழுது பார்த்த வீட்டில் குடியிருந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தைப்பிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. பாட்டனார் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர். 1960ஆம் ஆண்டில் மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். அந்நாளில் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் விரும்பி வாங்கிய கார் அது. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதன் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். பாட்டனார் காலமான பிறகு அந்தக் கார் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே பல ஆண்டுகள் கிடந்தது. அதை மறுபடி ஓட வைக்கவேண்டும் என்று மகனாருக்கு ஐம்பதாவது வயதில் ஆசை பிறந்தது. துணைக்கு வந்தவள் அவருடைய பதினாறு வயது மகள். நம் நாட்டில் கார் லைசென்சுக்குப் பதினேழு வயது நிரம்பவேண்டும். ஓராண்டுக்குள் வேலையை முடித்துவிட்டால், லைசென்சும் காரும் ஒன்றாகக் கைக்கு வரும் என்பது அவள் கணக்கு. தம் தகப்பனார் ஓட்டியது எப்படியோ அப்படியே அந்தக் கார் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

இரண்டு கணக்கும் முதலில் மோதிக்கொண்ட இடம் பிரேக்.

அந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். காலால் மிதித்தால், ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயைத் தள்ளும். வழி ஒன்றே ஒன்று என்பதால், எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கைப்பிரேக் மட்டுமே மிச்சம். போதாதற்குப் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. தைப்பிங்கோ மழைக்குப் பேர்போன ஊர். உள்ளே துருப்பிடிக்கக் கேட்கவா வேண்டும்? முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடவேண்டும், எண்ணெய் வழியை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர் வைக்கவேண்டும், இருக்கைகளுக்குப் பட்டை வேண்டும், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடவேண்டும் என்று மகள் ஒரு பட்டியலையே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“உன் தாதா முப்பது வருஷம் இந்தப் பிரேக்கை வச்சுத்தானே ஓட்டினாங்க?” என்றார் தந்தை.

“தாதா ஓட்டுனப்ப ரோட்டுல இவ்வளவு லொறி இல்லையே, அத்தா” என்றாள் மகள்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதே 1994ல்தான். பாட்டனார் கார் வாங்கிய காலத்துச் சாலை வேறு, வேகம் வேறு. ஆனால் தந்தை சொன்னதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் கூடாது. டிஸ்க் பிரேக்கில் தொடங்குகிறவன் அங்கே நிற்பதில்லை என்பது அவர் அச்சம். இன்று பிரேக், நாளை இஞ்சின், மறுநாள் குளிர்சாதனம். கடைசியில் தம் தகப்பனார் தொட்ட பொருள் என்று சொல்ல அந்தக் காரில் என்ன எஞ்சும்? அன்பினால் வருகிற அச்சம் அது. ஆனால் அன்பினால் வந்தது என்பதற்காக ஓர் அச்சம் சரியாகிவிடாது.

முதலில் ‘இருந்தபடி’ என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். மோரிஸ் மைனர் 1948ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு 1959ல் வந்த மினி காரும் அவர் கைவண்ணமே. மைனர் ஏறக்குறைய முடிந்து நின்ற நேரத்தில் அதன் அகலம் அவருக்குப் பிடிக்கவில்லை. மாதிரிக் காரை நீளவாட்டில் நடுவே அறுத்து, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடியிருந்தது! அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்திருந்தபடியால் அவற்றையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். இஞ்சின் மூடியின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடுகிறதே ஒரு பட்டை, பார்த்திருப்பீர்கள், அது அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. இதோடும் நிற்கவில்லை. கீழே இருந்த முன் விளக்குகள் அமெரிக்கச் சட்டத்துக்காக மேலே ஏறின. இரண்டு துண்டாயிருந்த முன் கண்ணாடி 1956ல் ஒன்றாயிற்று. 918 சி.சி.யில் பிறந்த இஞ்சின் 803க்கு இறங்கி, 948க்கு ஏறி, 1962ல் 1098ல் போய் நின்றது. எந்த மைனரை நாம் ‘இருந்தபடி’ என்பது? செய்தவர்களே திருத்திக்கொண்டே வந்த பொருள் அல்லவா அது!

நம் குடும்பத்துக் காரிலும் இதே கதைதான். மேல் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினால், சாம்பல் நிறத்துக்குக் கீழே பச்சை! கார் கம்பெனியிலிருந்து வந்த நிறம் பச்சை. சாம்பல் நிறத்தைப் பூசியவர் பாட்டனார். பல ஆண்டுகளாகத் தம் தகப்பனாரின் கார் சாம்பல் நிறத்தில் பிறந்தது என்றே எண்ணியிருந்தவர் கையில் உப்புத்தாளோடு சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டாராம். கம்பெனி செய்தபடி என்றால் பச்சை. பாட்டனார் ஓட்டியபடி என்றால் சாம்பல். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற இயலாது.

இது காருக்கு மட்டும் உரிய சங்கடமல்ல. பினாங்கில் உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நம்மில் அறியாதவர் யார்? 1801ல் எழுப்பப்பட்டது என்று பெருமையோடு சொல்கிறோம். ஆனால் 1910ல் அது பெரிய அளவில் மாற்றிக் கட்டப்பட்டது. இன்று படங்களில் நாம் கண்டு மகிழும் தோற்றத்தில் பெரும்பகுதி முதலில் கட்டியவர்கள் கண்ணால் கண்டதல்ல. ஆயினும் அது வேறு பள்ளிவாசல் என்று ஒருவரும் சொல்வதில்லை.

கிரேக்கருக்கும் இப்படி ஒரு புதிர் இருந்தது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தனர். உளுத்துப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் வாதாடியதைப் புளூட்டார்க் எழுதி வைத்தார். கழித்த பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து இன்னொரு கப்பல் செய்தால் இரண்டில் எது அசல் என்று 1655ல் தாமஸ் ஹாப்ஸ் கேட்டு, குழப்பத்தை இரட்டிப்பாக்கினார். எனக்கு இந்த வாதத்தில் ஒரு குறை தோன்றுவதுண்டு. எல்லோரும் பலகையையே பார்க்கிறார்கள். பலகையைப் பொருத்திய தச்சனை ஒருவரும் கேட்பதில்லை. எந்தப் பலகை உளுத்தது, எது இன்னும் தாங்கும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? தன் மகனுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுத்தான்? கப்பல் அதே கப்பல்தானா என்பதைவிட, அதைத் தொட்டு மாற்றும் உரிமை ஒருவனுக்கு எப்போது வருகிறது என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

தைப்பிங் தந்தை இதற்கு ஒரு நிபந்தனை போட்டார். “முதல்ல இருக்கிற பிரேக்கை இருக்கிறபடியே வேலை செய்ய வை. அப்புறம் மாத்துறதைப் பத்திப் பேசலாம்.” தட்டிக் கழிக்கும் தந்திரம் என்றே மகள் நினைத்தாள். அப்படியும் இருந்திருக்கலாம். ஆனாலும் நான் அறிந்த நிபந்தனைகளில் நியாயமானது இது. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு சிலிண்டர்கள். அவற்றைக் கழற்றி, இறுகிப்போன பிஸ்டனைப் பதமாக வெளியே எடுத்து, ரப்பர் மாற்றி, ஷூக்களைச் சரிபார்த்து, எண்ணெய்க் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றி முடிக்க அவளுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முடித்தபோது பட்டியல் தானாகவே சுருங்கியிருந்தது. டைனமோ போதும், இரவில் நெடுந்தூரம் போகப் போவதில்லை, ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்று அவளே அடித்துவிட்டாள். இரண்டு வழி மாஸ்டர் சிலிண்டரையும் டிஸ்க் பிரேக்கையும் மட்டும் விடவில்லை. முன்பு அது யாரோ சொல்லக் கேட்ட ஆசை. இப்போது அந்தச் சிலிண்டருக்குள் தன் விரலால் தடவிப் பார்த்த துரு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டல்லவா? உள்ளதை உள்ளபடி திருப்பி வைக்கத் தெரிந்தவளுக்கே அதை மாற்றும் உரிமை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்த அளவுகோல் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. மாற்றும் உரிமைக்கு அறிவு வேண்டுமானால், மறுக்கும் உரிமைக்கும் அறிவு வேண்டும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்திருந்த தூசை வாயால் ஊதித் தள்ளுவது தந்தையின் பழக்கம். அவர் இளமையில் எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்கள். மகள் தடுத்தாள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக் கிளம்பக்கூடும். ஈரத்துணியால் நனைத்துத்தான் துடைக்கவேண்டும், ஊதவே கூடாது என்றாள். “நாப்பது வருஷமா ஊதுறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று சீறினாராம் அவர். அந்த வாதம் எவ்வளவு பலவீனமானது என்று அவருக்கே தெரியும். அவளும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வயதில் சிறியவர் சொன்ன உண்மைக்கு இறங்கிவருவது எவ்வளவு கடினம் என்று நம்மில் தகப்பனாராக இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான ஒன்று பின்னால் வந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

மகள் ஒரு பக்கச் சக்கரத்து வேலையைத் தனியே முடித்தாள். நட்டுகளை முடுக்கிய பிறகு, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் சிறு கோடு ஒன்று இழுத்து வைத்தாள். பட்டறைக்காரர்கள் செய்கிற வழக்கந்தான்; நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும். அன்றிரவு தந்தைக்குத் தூக்கம் வரவில்லை. பிரேக் வேலை, நாளை அதை நம்பித்தான் ஓட்டப்போகிறோம். மகள் உறங்கிய பின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், எல்லா நட்டையும் மறுபடி முடுக்கிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். காலையில் மகள் பார்த்தாள். கோடுகள் விலகியிருந்தன. தளர்ந்த பக்கமாக அல்ல, இறுகிய பக்கமாக. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கொல்லைப் பக்கமே வரவில்லை.

நேயர்களே, அந்தத் தந்தை செய்தது தவறா? உயிருக்குப் பொறுப்பானவர் சரிபார்க்காமல் விடலாமா? பதினாறு வயதுக் கையை நம்பிக் குடும்பத்தையே காரில் ஏற்றலாமா? சரிபார்த்தது கடமையே. அதில் எனக்கு ஐயமில்லை. தவறு இரவில் இருக்கிறது. ‘உன்னை நம்புகிறேன்’ என்று பகலில் சொல்லிவிட்டு, டார்ச் விளக்கோடு அதை மறுத்தார். நம்பவில்லை என்று நேரே சொல்லியிருந்தால் அவள் கோபித்திருப்பாள், கோபம் ஆறியிருக்கும். மறைவில் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த முறை என்ன செய்யும்? எப்படியும் அத்தா திருத்திக்கொள்வார் என்று அரைகுறையாக முடுக்கும். அல்லது ஸ்பானரையே தொடாது. சரிபார்க்கப்படாத பிள்ளையும் கெடும், மறைவில் சரிபார்க்கப்படும் பிள்ளையும் கெடும் என்றால் தகப்பன் என்னதான் செய்வது?

அவர் ஒரு வழி கண்டார். நான்காவது ஞாயிறு மகளைக் கூப்பிட்டு, “நான் போட்ட பக்கத்தை நீ பாரு. நீ போட்டதை நான் பாக்குறேன். இனிமே ரெண்டு பேரும் பாக்காம சக்கரம் மாட்டக்கூடாது” என்றார். முடுக்கும் அளவை எண்ணில் காட்டுகிற ஸ்பானர் ஒன்றையும் வாங்கி வந்தார். இந்தக் கருவியை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குத் தந்தை என்றும் மகள் என்றும் தெரியாது. அனுபவசாலிக்கும் அதே எண், புதியவருக்கும் அதே எண். அன்றைக்கு அவர் போட்ட பக்கத்தில்தான் ஒரு குழாய் மூட்டில் எண்ணெய் கசிந்திருந்தது. மகள் டார்ச் விளக்கை அடித்துக் காட்டினாள். அவர் முகம் சுருங்கி, பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள் என்று அவரே என்னிடம் சொன்னார்.

துருவைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் காருக்கு உடலே எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரப் பெட்டிகள் துருப்பிடித்தால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் பலமே போய்விடும். இரண்டு பக்கமும் உளுத்திருந்தது. பார்க்க வந்த பட்டறைக்காரர் ஒருவர், பட்டி பூசித் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்தால் பத்து வருஷம் யாருக்கும் தெரியாது என்றார். மலிவு, விரைவு. மகளுடைய பதினேழாவது பிறந்த நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. தந்தை சற்று நேரம் பதில் சொல்லவில்லை. அந்தச் சற்று நேரம் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாம் எத்தனையோ சொல்கிறோம். அவர்கள் காத்திருந்து பார்ப்பது இத்தகைய நிமிஷங்களை. துருவை வெட்டி எறிந்து, புதிய தகரத்தைப் பற்றவைப்பதென்று முடிவாயிற்று. மேலும் நான்கு மாதம், மேலும் பணம். இந்தக் காருக்கான தகரப் பாகங்கள் சில இலங்கையில் செய்யப்பட்டு, கார் பிறந்த இங்கிலாந்துக்கே கப்பல் ஏறிய காலமும் உண்டு என்பது இங்கே ஒரு சுவையான செய்தி.

பணம் என்றதும் வீட்டு அம்மாவின் கேள்வி நினைவுக்கு வருகிறது. “இந்தக் காசுக்கு ஒரு மைவி வாங்கியிருக்கலாமே?” தாராளமாக வாங்கியிருக்கலாம், பழைய மைவியாவது. இதற்கு எந்தத் தத்துவ ஞானியிடமும் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. சிங்கப்பூர் நண்பர்கள் இன்னும் கடுமையாகவே கேட்பார்கள். 1990லிருந்து அங்கே காரை வைத்திருக்கும் உரிமைக்கே தனி விலை, அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை.

இருக்கைப் பட்டை விவகாரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. முன்னிருக்கைப் பட்டை 1979லும், பின்னிருக்கைப் பட்டை 2009லும் நம் நாட்டில் சட்டமாயின. மகள் சட்டத்தைக் காட்டி வாதாடவில்லை. பின்னால் உட்காரப்போகிற தம்பியைக் காட்டினாள்.

மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பிரேக்கும் பட்டையும் பிறர் உயிரைக் காப்பவை. சாலையில் நடந்து போகிற அந்நியருக்கும் அவற்றில் பங்கு உண்டு. அவர் நம் பாட்டனாரின் நினைவுக்காகத் தம் உயிரைப் பணயம் வைக்க ஒப்பவில்லை. ஆகவே இங்கே பழமையின் பேரால் மறுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பேன். புகைக்குழாயை மாற்றி ஊரையே எழுப்புவது வெறும் பகட்டு. அதற்கும் உரிமை இல்லை. ஜப்பானிய இஞ்சின் ஏற்றுவது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பதிவேட்டில் இஞ்சின் எண்ணை மாற்றிவிட்டு ஏற்றட்டும். ஆனால் அதை விற்கும்போது ‘அசல் மைனர்’ என்று சொல்லாதிருக்கட்டும். ஈயம் கலந்த பெட்ரோலை எண்ணிப் பாருங்கள். இந்த இஞ்சின் அதைக் குடிக்கவே செய்யப்பட்டது. வால்வு அமரும் இடம் தேயாமல் ஈயம் காத்தது. அதே ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. 2021ல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவும் அதை நிறுத்திற்று. கெட்டியான வால்வு இருக்கை வைத்துவிட்டால் இன்றைய பெட்ரோலே போதும். ஈயம் போனதால் மைனர் மைனராக இல்லாமல் போய்விட்டது என்று புலம்பியவரை நான் கண்டதில்லை.

கழற்றிய பொருள்களை என்ன செய்வது என்பதில் மகள் தந்தையையே மிஞ்சிவிட்டாள். டிரம், ஷூ, பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் தடவி, தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எந்தச் சக்கரம், எந்தத் தேதி, ஏன் கழற்றப்பட்டது. நாளை அவளுடைய பிள்ளை இந்த மாற்றம் பிடிக்கவில்லை என்று சொன்னால் திருப்பி மாட்டிக்கொள்ளலாமாம். கதவுத் தூணிலிருந்து நீளும் பழைய கைகாட்டிகளை மட்டும் எடுக்கவில்லை. 1961 வரை இந்தக் காரில் திரும்பும் சமிக்ஞைக்கு அந்தக் கைகள்தாம். இன்றைய லொறிக்காரருக்கு அவை என்னவென்றே புரியாது என்பதால் மினுக்கும் விளக்குகளைச் சேர்த்தார்கள். ஆனால் விளக்கு மினுக்கும்போது கையும் கூடவே நீளும்படி மகள் கம்பி இணைத்துவிட்டாள். தந்தை கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே வரம் அது.

பிறந்த நாள் தாண்டி, லைசென்சும் வந்துவிட்டது. கார் ஓடுகிறது. ஆனால் பச்சையா சாம்பலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அடிப்பூச்சோடு, துவைத்துக் காயப்போட்ட துணி போன்ற ஒரு நிறத்தில் அது தைப்பிங் ஏரிக்கரையைச் சுற்றி வருகிறது. அந்தக் கோலத்தில் அதில் ஏறமாட்டேன் என்று வீட்டு அம்மா சொல்லிவிட்டார்.